மூவாயிரம் பேரும் ஐம்பத்தாறு சதுரக் கிலோமீற்றரும்

இலங்கையில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் பொது அளவுகோல். கோப்புகளில் அவருக்குப் 'பொதுச் சுகாதார மருத்துவமாது' என்று பெயர். மன்னாரில் கேட்டால் 'எங்கட மிட்வைப்' என்பார்கள். இந்த 3,000 என்ற எண்ணை ஒருமுறை நிலத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி நாடு முழுவதற்குமான சனச்செறிவு சதுரக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 325 பேர். மன்னார் மாவட்டத்தில் அப்போது இருந்தவர்கள் 99,570 பேர். நிலம் சுமார் 1,880 சதுரக் கிலோமீற்றர். ஆக, செறிவு 53தான். நாட்டின் சராசரியை வைத்தால் 3,000 பேர் ஒன்பது சதுரக் கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுவார்கள். மன்னாரில் அதே 3,000 பேரைத் தேடி 56 சதுரக் கிலோமீற்றருக்கு மேல் சுற்ற வேண்டும்.

சராசரிக்குள் பெரிய வேறுபாடுகள் ஒளிந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. மன்னார் நகரிலும் எருக்கலம்பிட்டியிலும் பேசாலையிலும் வீடுகள் வேலியோடு வேலியாக நிற்கின்றன. அங்கே ஒரு முற்பகலில் ஏழெட்டு வீடு பார்க்கலாம். ஆனால் முசலியிலோ மடுவிலோ மாந்தை மேற்கிலோ ஒரு குடியிருப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு குளம், ஒரு வயல்வெளி, ஒரு துண்டுக் காடு கடந்து போகும். மன்னார்த் தீவுக்குள்ளேயே நகரிலிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வீட்டுத் தரிசிப்பு பயன்தருமா, இன்னும் தேவையா, இன்னொரு முறைக்கு மாறலாமா என்ற கேள்விகளெல்லாம் அண்மைக்காலத்தில் எழுகின்றன. மன்னாரைப் பொறுத்தவரை அந்த விவாதம் தூரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது 1879இல். ஆனால் மருத்துவிச்சியை வைத்தியசாலைக்கு வெளியே, ஊருக்குள், ஒரு குறித்த எல்லைக்குப் பொறுப்பாக அனுப்பும் எண்ணம் வேர்விட்டது 1926இல், ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கியபோது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், தாதிகள், மருத்துவமாதர். ஒவ்வொரு மருத்துவமாதுக்கும் வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒரு துண்டு நிலம். இன்று நாடு முழுவதும் இருப்பது அந்த அமைப்பின் வளர்ந்த வடிவம்தான். 1968இல் தாய் சேய் நலத்துக்கென்று தொடங்கப்பட்டு, பின்னர் குடும்பநலப் பணியகமாகிய நிறுவனம் இதற்கு நாடளாவிய ஒழுங்கைக் கொடுத்தது.

பலன் சிறியதல்ல. 1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அந்த எண் 30ஐ அண்டி நிற்கிறது. இந்தச் சரிவில் மலேரியா ஒழிப்புக்கு எவ்வளவு பங்கு, பெண்கல்விக்கு எவ்வளவு பங்கு, மருத்துவமாதுக்கு எவ்வளவு பங்கு என்று பொருளியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். 1946இல் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கிய கையோடு இறப்பு விழுந்தது உண்மை. ஆனால் மலேரியா அடங்கிய பிறகும் தாய்மார் இறப்புப் பத்தாண்டுக்குப் பத்தாண்டு பாதிக்குப் பாதி குறைந்துகொண்டே வந்ததைக் கொசு மருந்தால் மட்டும் விளக்க முடியாது. இலங்கையையும் மலேசியாவையும் ஒப்பிட்டு இந்திரா பத்மநாதனும் பிறரும் 2003இல் உலக வங்கிக்காகச் செய்த ஆய்வு, பயிற்சிபெற்ற மருத்துவமாது வீட்டு வாசலில் கிடைத்ததையும், சிக்கல் என்றால் அனுப்ப ஒரு வைத்தியசாலை இருந்ததையும் சேர்த்தே காரணமாகக் காட்டியது. அந்தச் சேர்க்கைதான் முக்கியம். ஒன்று இல்லாமல் மற்றது இந்த அளவுக்கு உதவியிராது.

இன்றைய குடும்பநல உத்தியோகத்தர் பதினெட்டு மாதம் பயிற்சி பெறுகிறார்: ஒரு வருடம் தாதியர் பயிற்சிக் கல்லூரியிலும் வைத்தியசாலையிலும், ஆறு மாதம் களத்தில். அவர் பிரசவம் பார்ப்பதில்லை. நாட்டில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையில்தான் பிறக்கிறார்கள். 'மருத்துவமாது' என்ற பெயர் மட்டும் பழைய வேலையின் நினைவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன் பிரிவில் யார் யாருக்குக் கலியாணமானது, யார் எட்டு வாரக் கருவோடு இருக்கிறார், யாருடைய பிள்ளைக்கு ஒன்பதாம் மாத ஊசி தவறியது என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்க வேண்டும். கர்ப்பிணியை எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். கர்ப்பகாலத்தில் வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளை பிறந்தபின் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, 14ஆம் நாளுக்கும் 21ஆம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை, 42ஆம் நாளை ஒட்டி இன்னொரு தடவை போக வேண்டும்.

அந்த முதல் பத்து நாளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சுகப்பிரசவமென்றால் ஓரிரு நாளில் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதற்குப் பின் வைத்தியசாலையின் கண் அவர்கள்மேல் இல்லை. பிள்ளைக்குச் செங்கமாரி ஏறுவது, தொப்புள் சிவப்பது, தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல் வருவது, கருப்பையில் கிருமி பரவுவது, நின்ற இரத்தப்போக்கு மீண்டும் தொடங்குவது, காலில் இரத்தம் கட்டுவது, பிரஷர் ஏறித் தலையிடிப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த நாள்களில்தான். வீட்டில் மூத்தவர்கள் இருப்பார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லலாம். பார்த்துக்கொள்வது வேறு, ஆபத்தை இனங்காண்பது வேறு. 'பிள்ளை பெத்தா இரத்தம் போகத்தானே செய்யும்' என்று ஒரு மாமியார் சொல்வதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை. எத்தனை துணி நனைந்தால் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

2024 யூலையில், பிள்ளை பெற்று வீடு திரும்பியபின் இரத்தப்போக்கோடு மீண்டும் கொண்டுவரப்பட்ட ஓர் இளம் தாய் மன்னாரில் இறந்தது மாவட்டத்தையே உலுக்கியது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தாயும் அவருடைய சிசுவும் இறந்தார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், விசாரணைகள் நடந்தன. அந்த மரணங்களில் யார் பிழை என்று இங்கே தீர்ப்பெழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நாள்களின் கோபம் முழுவதும் வைத்தியசாலை வாசலிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள அந்தப் பத்து நாளைப் பற்றி மாவட்டம் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போவதால் உயிர் தப்புமா என்பதற்கு வெளியுலகில் நல்ல ஆதாரங்கள் உண்டு. மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் இருவரும் 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே சிசுக்களைக் கவனித்தார்கள். பச்சிளஞ் சிசு இறப்பு 62 சதவீதம் குறைந்ததென்று 1999இல் முடிவை வெளியிட்டார்கள். வங்காளதேசத்தின் சில்ஹெட்டில் நடந்த பரிசோதனை 2008இல் 34 சதவீதக் குறைவைக் காட்டியது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் பிறந்த பிள்ளையை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டுமென்று கூட்டறிக்கை விட்டன. இந்தியாவின் 'ஆஷா' எனும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் 2011 முதல் பிறந்த பிள்ளையைப் பார்க்க ஆறு, ஏழு தடவை போவது அந்தக் கட்சிரோலி விதையின் விளைச்சல்.

கானாவில் செய்த ஆய்விலோ குறைவு 8 சதவீத அளவில்தான் இருந்தது. அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவு. இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பிறக்கும் இடத்தில் வீட்டுத் தரிசிப்பு பெரிய எண்ணைத் தருகிறது; வைத்தியசாலைப் பிரசவம் கூடக்கூட அந்த எண் சுருங்குகிறது. எனவே கட்சிரோலியின் 62ஐ மன்னாருக்குக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. இங்கே எஞ்சியிருக்கும் மரணங்களும் துன்பங்களும் வேறு வகை: பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கு, இதய நோய், கிருமித்தொற்று, மனச்சோர்வு, தற்கொலை. இவற்றில் பலவும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கிளினிக்கில் வரிசையில் நிற்கும் பெண் 'ஒண்டுமில்லை மிஸ்' என்பாள். அதே பெண் தன் அடுப்படியில், மாமியார் கிணற்றடிக்குப் போன நேரத்தில், மூன்று நாளாக நித்திரையில்லை என்று சொல்வாள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலும் முதல் வாரத்தில் வீட்டுக்குப் போவதை மீண்டும் வலியுறுத்துகிறது.

வீட்டுக்குள் போனால் உணவும் தெரியும். மன்னார்க் கரையில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்துக் கறி வைப்பார்கள், பால் ஊறச் சுறாப்புட்டு அவிப்பார்கள். இரண்டும் நல்ல உணவு. யாரும் தடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் அதிகம் குடிக்காதே என்பதும் மரக்கறி பழங்களை ஒதுக்குவதும்தான் மாற்ற வேண்டியவை. இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும் என்பதைக் கிளினிக் சுவரில் எழுதலாம். ஆனால் எந்த நேரத்தில் கேத்தில் அடுப்பில் ஏறுகிறது என்று பார்த்தவர் சொல்லும்போதுதான் அது மண்டையில் ஏறும். 2016ஆம் ஆண்டுத் தேசிய அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாமலும் 15 சதவீதம் உயரத்துக்கேற்ற நிறையில்லாமலும் இருந்தார்கள். ஆண் பிள்ளைக்கு நீலமும் பெண் பிள்ளைக்கு ரோசாவுமாக உள்ள வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு கீழே இறங்குவது தாய்க்கே தெரியும். ஏன் இறங்குகிறது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் விடை கிடையாது, வீட்டில் கிடைக்கலாம். நண்டுக் கம்பனிக்கு விடியவே போகும் தாய், பிள்ளையைப் பார்க்கும் எட்டு வயது அக்கா, கடல் கொந்தளித்து இரண்டு கிழமை தொழிலில்லாத தகப்பன், இப்படி.

1973இல் தொடங்கிய திரிபோஷா இந்தக் குறையை ஈடுகட்ட வந்ததுதான். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா. உருண்டை பிடித்து வீட்டிலுள்ள எல்லாருக்கும் பங்கிடுவது ஊரறிந்த வழக்கம்; அது குற்றமென்று நான் நினைக்கவில்லை, வறுமையின் அளவை அது காட்டுகிறது. 2022 நெருக்கடியில் சிறுபிள்ளைகளுக்கான திரிபோஷாவே தடைப்பட்டது. மூலப்பொருள் இல்லை, சோளத்தில் பூஞ்சண நச்சு பற்றிய சர்ச்சை வேறு. அதே மாதங்களில் பெற்றோலும் இல்லை. ஸ்கூட்டியில் போகும் ஓர் உத்தியோகத்தர் எரிபொருள் வரிசையில் நின்ற நாள், சில வீடுகளில் யாரும் எட்டிப்பார்க்காத நாள். நகரில் நடந்து போயிருக்கலாம். கொண்டச்சிக்கோ இலுப்பைக்கடவைக்கோ நடந்து போக முடியாது.

அந்த ஆண்டு மார்ச்சில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்த சிலர் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் போனார்கள். அரிச்சல்முனையை அடுத்த மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, இந்தியக் கடலோரக் காவற்படையால் மீட்கப்பட்டவர்களில் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. நான்காம் மாதம் பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் மாதம்.

மன்னாரின் இரண்டாவது சிக்கல் இங்கேதான் வருகிறது: இந்த மாவட்டத்தில் வீடுகளும் நகரும். களுத்துறையில் பிறந்த முறை, ஒரு குடும்பம் ஒரு முகவரியில் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. மன்னார் அப்படி இருந்ததில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியும் முசலியின் ஊர்களும் ஒரேயடியாக வெறுமையாகின. அந்தக் குடும்பங்களின் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தார்கள். 2009க்குப் பின் திரும்பியவர்களில் பலருக்கு ஒரு கால் புத்தளத்திலும் ஒரு கால் முசலியிலும். பள்ளிக்கூடம் அங்கே, காணி இங்கே. கர்ப்பிணி அட்டை புத்தளத்தில் எழுதப்பட்டிருக்கும், பிள்ளை மன்னாரில் பிறக்கும். எந்த உத்தியோகத்தரின் 42 நாள் கணக்கில் இந்தத் தாய் வருகிறார்?

போர்க்காலத்தில் அடம்பனிலிருந்து பிரசவத்துக்குப் புறப்பட்ட பெண் உயிலங்குளம் சோதனைச்சாவடியைக் கடந்தாக வேண்டியிருந்தது. 2007இல் இடம்பெயர்ந்த முள்ளிக்குளத்து மக்கள், தங்கள் ஊரில் கடற்படை இருக்க, ஆண்டுக்கணக்கில் அயலூர்க் கொட்டில்களில் இருந்தார்கள். இவை போக, போரோடு தொடர்பில்லாத ஒரு நகர்வும் உண்டு: மீன்பிடி வாடி. காற்று மாறும்போது சில குடும்பங்கள் அடுப்புச் சட்டியோடு வேறு கரைக்குப் போய்விடும்; நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து சிலாவத்துறைப் பக்கம் வருபவர்களும் உண்டு. தலைப்பிள்ளை என்றால் தாய்வீட்டுக்குப் போவதும் நம் வழக்கம்தானே. ஆகவே முதல் பத்து நாளில் ஒரு தாய் தன் பதிவேடு இருக்கும் பிரிவுக்கு வெளியே இருக்கும் வாய்ப்பு இங்கே அதிகம். இடம் மாறினால் அறிவிக்கும் நடைமுறை விதியில் இருக்கிறது. அது பெரும்பாலும் உத்தியோகத்தரின் சொந்தத் தொலைபேசியிலும் நல்ல மனதிலும் தங்கியிருக்கிறது.

நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் வரும் அரசாங்கம் என்பது எளிய விடயமல்ல, அதுவும் வடக்கில். 2013 ஆகஸ்டில் மன்னாருக்கு அடுத்த கிளிநொச்சி மாவட்டக் கரையோரமான வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், நிறை பார்க்கவென்று அழைக்கப்பட்ட தாய்மாருக்குச் சரியான விளக்கமும் முழுச் சம்மதமும் இல்லாமல் கருத்தடை உள்வைப்புச் செலுத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அப்படி ஒரு செய்தி பரவினால், அதற்குப் பின் நல்ல எண்ணத்தோடு படலையைத் திறக்கும் பெண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கேள்வி கேட்கவும் மறுக்கவும் தாய்க்கு உரிமை உண்டென்று ஒவ்வொரு தரிசிப்பிலும் சொல்லப்பட வேண்டும். பதிவேட்டை நிரப்பும் அவசரத்தில் இது முதலில் கைவிடப்படுகிறது. ஒரே பெண் இந்துக் குடும்பத்தின் 31ஆம் நாள் துடக்குக் கழிவையும் முஸ்லிம் குடும்பத்தின் நாற்பதையும் கத்தோலிக்கக் குடும்பத்தின் ஞானஸ்நானத்தையும் தெரிந்துவைத்து அதற்கேற்ப நேரம் பார்த்துப் போவது மன்னாரில் அன்றாடம் நடக்கிறது. மூன்று சமூகத்தின் அடுப்படிக்குள்ளும் நுழையக்கூடிய அரச ஊழியர் இந்த மாவட்டத்தில் வேறு யார்?

தீர்வென்று நான் முன்வைப்பது பெரிய புதுமை அல்ல. இந்தியாவில் துணைச் சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று. மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் எட்டாத இடங்களிலும் 3,000 பேருக்கு ஒன்று. எட்டாத ஊருக்கு அளவுகோல் மாற வேண்டும் என்பதை அங்கே கொள்கையிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மன்னாரின் முசலி, மடு, மாந்தை மேற்குப் பிரிவுகளைத் தலையெண்ணிக்கையோடு தூரத்தையும் சேர்த்துப் பிரித்தால் 1,500 பேருக்கு ஒருவர் என்பது ஆடம்பரமாகத் தெரியாது. எரிபொருள் கொடுப்பனவும் அந்தத் தூரத்துக்கேற்ப இருக்க வேண்டும். நகரத்து உத்தியோகத்தருக்கும் காட்டோரத்து உத்தியோகத்தருக்கும் ஒரே தொகை என்பது பின்னவருடைய சம்பளத்தில் கைவைப்பதற்குச் சமம். பதிவேடு முகவரியோடு நிற்காமல் தாயோடு போக வேண்டும்: வைத்தியசாலையிலிருந்து வீடு செல்லும்போது 'எந்த ஊர்' என்று கேட்பதோடு 'அடுத்த பத்து நாள் எந்த வீட்டில்' என்றும் கேட்டு, அந்தப் பிரிவின் உத்தியோகத்தருக்கு அன்றே அறிவித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் புதுக் கட்டடமோ புதுத் திட்டமோ தேவையில்லை. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் ஆள் இல்லாத இடத்தை வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரப்பினார்கள் என்பதையும் மாகாணம் மறக்கக் கூடாது. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

அதுவரை, மன்னாரில் இதை வாசிக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். வைத்தியசாலையிலிருந்து பிள்ளையோடு வரும் அன்றே, நீங்கள் தங்கப்போகும் ஊரின் மிட்வைப்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். வாடியிலிருந்தாலும் எடுங்கள், புத்தளத்திலிருந்து வந்தவர்களாக இருந்தாலும் எடுங்கள். ஐந்தாம் நாள் வரை யாரும் வரவில்லையென்றால் உங்கள் பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள். இரத்தம் கூடினால், காய்ச்சல் வந்தால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தால் மிட்வைப்பை எதிர்பார்த்து நிற்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.